வயிற்றுக்குள் கரண்டா என்று கேட்ட திருமங்கலத்து அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

செவ்வாய்க்கிழமை மகளின் மேற்படிப்பு பற்றிக் கேட்க என்னிடம் வந்து உட்கார்ந்ததும் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மகளை டாக்டராக்க நினைத்தேன். நீட் மதிப்பெண் வந்ததும், குழாய் விடுகிற அறையில் எடுபிடி வேலைக்குப் படிக்கிறேன் என்கிறாள். அங்கே வயிற்றுக்குள் கரண்ட் வேறு விடுவார்களாம்!" அன்று கூட்டம் அதிகம். பாதிப் பதிலோடு உங்களை அனுப்பிவிட்டேன். மீதி இது.

முதலில் கரண்ட். மோட்டாருக்குக் கம்பிச் சுருள் (காயில்) கட்டிப் பிழைப்பவர் நீங்கள். மற்ற பெற்றோருக்கு ஒரு மணி நேரம் சொல்ல வேண்டியதை உங்களுக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று அலைகிறது. தொட்டால் தசை வெட்டி இழுக்கிறது. குழாய் விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோபி அறையில் இருக்கும் மின் அறுவை இயந்திரம் அதை விநாடிக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் அலைய விடுகிறது. ஒரு லட்சத்தைத் தாண்டினாலே நரம்பும் தசையும் அதற்கு ஈடுகொடுப்பதில்லை. துடிப்பு இல்லை, சூடு மட்டும் மிஞ்சுகிறது. அந்தச் சூட்டைக் கம்பி முனையில் குவித்தால் திசு அறுபடும். விட்டுவிட்டுக் கொடுத்தால் இரத்தம் உறையும். பாஸ்டனில் 1926இல் போவி என்பவர் உருவாக்கிய இயந்திரத்தைக் கொண்டு குஷிங் என்ற மூளை அறுவை நிபுணர் அறுவை செய்தார். அன்று முதல் பழகிவந்த வித்தை இது.

குடலுக்குள் அந்தக் கம்பி போவது எண்டோஸ்கோப் என்ற அந்தக் குழாயில் உள்ள ஒரு மெல்லிய துளை வழியாக. முனையில் கம்பிச் சுருக்கு இருந்தால் அதற்கு ஸ்னேர் என்று பெயர். பெருங்குடலில் முளைக்கும் பாலிப் என்ற சதைமொட்டைச் சுருக்கில் மாட்டி, அறுத்து எடுத்துவிடலாம். சில வகை மொட்டுகளை விட்டுவைத்தால் பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடும். பித்தநாளத்தில் கல் அடைத்து மஞ்சள் காமாலை வந்தவருக்கு, வில்லில் நாண் கட்டியதுபோன்ற கம்பியால் நாளத்தின் வாயைச் சற்றே அகலப்படுத்திக் கல்லை எடுக்கிறார்கள். ஜப்பானிலும் ஜெர்மனியிலும் 1974இல் அறிவிக்கப்பட்ட முறை அது. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கே ஒரு பாலிப் எடுத்தார்கள். மயக்க ஊசி போடுவதற்கு முன் ஒரு பெண் என் தொடையில் அகலமான ஒட்டுத் தகடு ஒன்றை ஒட்டினாள். ஊர் உசிலம்பட்டிப் பக்கம் என்றாள். ஓரத்தை விரலால் நீவினாள், ஒரு மூலை தூக்கியிருந்தது, உரித்துவிட்டு வேறு தகடு ஒட்டினாள். ஏன் என்று கேட்டேன். கம்பி முனையில் பாய்கிற அதே மின்சாரம் உடலைக் கடந்து இந்தத் தகடு வழியாகத்தான் இயந்திரத்துக்குத் திரும்புகிறதாம். பரப்பு அகலமாக இருப்பதால் சூடு தெரியாது. பாதி மட்டும் ஒட்டியிருந்தால் அந்த இடம் வெந்துவிடும். லூஸ் கான்டாக்ட்டில் டெர்மினல் கருகியதை நீங்கள் எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்! அதேதான்.

எடுபிடி என்றீர்களே, அண்ணா, அந்தச் சொல்லை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எண்டோஸ்கோப்பைச் செலுத்துவதும் மின்சாரம் விடும் மிதியைக் காலால் அழுத்துவதும் மருத்துவர். ஸ்னேரின் கைப்பிடி பெரும்பாலும் உதவியாளர் கையில் இருக்கும். மருத்துவர் "மூடு" என்றதும் சுருக்கை இறுக்க வேண்டும். அவசரமாக இறுக்கினால் இரத்தக்குழாய் உறைவதற்குள் மொட்டு துண்டாகி, இரத்தம் கொட்டும். தயங்கினால் சூடு ஆழமாக இறங்கிக் குடல் சுவரில் ஓட்டை விழலாம். நோயாளிக்கு இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி இருக்கிறதா, குடலைச் சுத்தம் செய்ய என்ன மருந்து குடித்தார் என்பதையெல்லாம் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். முன்பு குடலைச் சுத்தம் செய்ய மானிட்டால் என்ற இனிப்புப் பொருளின் கரைசல் கொடுத்த காலத்தில், குடல் நுண்ணுயிர்கள் அதிலிருந்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கி, தீப்பொறி பட்டுக் குடல் வெடித்ததும் உண்டு.

கசப்பான பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பாப்பா இந்த வேலைக்குப் போனால் நாளின் பெரும் பகுதி கழுவுவதில் போகும். ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் எண்டோஸ்கோப்பின் துளைகளைப் பிரஷ் விட்டுத் தேய்த்து, கிருமிநாசினியில் ஊறவைத்து, அலசி, ஈரம் போக உலர்த்த வேண்டும். அந்தக் கிருமிநாசினியின் நெடி சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. தொடக்கச் சம்பளமும் பெரிதாக இருக்காது.

இனிப் படிப்பு. நோயாளியின் பக்கத்தில் நிற்க விரும்பினால், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள துணை மருத்துவப் பட்டப்படிப்புகளில் அறுவை அரங்கு தொழில்நுட்பம் போன்றவற்றைப் பார்க்கலாம். மூன்று ஆண்டு வகுப்பு, ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. எண்டோஸ்கோபியின் நுணுக்கம் வேலையில் சேர்ந்த பிறகுதான் கைவரும். மாடியில் பலகை மாட்டி ஆறு மாதச் சான்றிதழ் தருகிறவர்களிடம் மட்டும் பணத்தைக் கொட்டாதீர்கள். அப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கிய பையன் ஒருவன் கடைசியில் என்னிடம்தான் வந்து நின்றான்.

இயந்திரத்தின் பக்கம் நிற்க ஆசையென்றால் பொறியியல். பாப்பா கணிதமும் உயிரியலும் சேர்த்துப் படித்தவள், கதவு திறந்தே இருக்கிறது. கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200க்குக் கட் ஆஃப் கணக்கிடுவார்கள். உயிர்மருத்துவப் பொறியியல் நல்ல கல்லூரியில் கிடைத்தால் எடுக்கலாம். கிடைக்காவிட்டால், பெயருக்காக ஏதோ ஒரு கல்லூரியில் அதைப் படிப்பதைவிட நல்ல கல்லூரியில் மின்னியலோ மின்னணுவியலோ படிப்பது மேல். மேற்படிப்பில் மருத்துவக் கருவிப் பக்கம் திரும்பிக்கொள்ளலாம். இதில் என்னோடு சண்டை போடும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், போடட்டும். வேலை சென்னையில்தான் என்றும் நினைக்க வேண்டாம். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை நம் மதுரையிலேயே ஆரோலேப் என்ற நிறுவனம் 1992 முதல் செய்துவருகிறது.

ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்றீர்கள். பொறியியலில் அவளுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசு ஏற்கும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். தலைமையாசிரியரிடம் படிப்புச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள்.

எந்தப் பக்கம் என்று நான் எப்படிச் சொல்வது? ஏழாம் வகுப்பிலிருந்து உங்கள் பட்டறையில் மின்கசிவு சோதிக்கும் மெக்கர் கருவியைப் பிடித்துப் பார்க்கிறாள் என்று நீங்களே சொன்னீர்கள். அதைக் கேட்டபோது எனக்குப் பொறியியல் பக்கம்தான் மனம் சாய்ந்தது. ஆனால் எண்டோஸ்கோபி அறைக்குத்தான் போக வேண்டும் என்று அவள் ஏன் கேட்டாள் என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை பத்து மணிக்கு வாருங்கள். இந்த முறை பாப்பாவையும் கூட்டி வாருங்கள். அவள் பேசி முடிக்கும்வரை நாம் இருவரும் குறுக்கே பேச வேண்டாம்.