கேள்வி – பதில்: கிராபிக்ஸ் கார்டின் கண்ணைக் கட்டலாமா?

கேள்வி: என் கிராபிக்ஸ் கார்டு 300 வாட்டைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஷண்ட் மின்தடையின் மேல் இன்னொன்றைச் சால்டரிங் செய்தால் அந்த வரம்பு விலகும் என்கிறார்களே, செய்யலாமா? கால்நடை மருந்தகத்தில் சினை ஊசிக்காக வைத்திருக்கும் திரவ நைட்ரஜனைக் கொண்டு கார்டைக் குளிர்விக்க முடியுமா?
– கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம்

பதில்: வரம்பு விலகும் என்பது உண்மைதான். 12 வோல்ட் மின்சாரம் கார்டுக்குள் வரும் வழியில், பெரும்பாலும் 5 மில்லி ஓம் மதிப்புள்ள ஷண்ட் மின்தடைகள் இருக்கின்றன. அவற்றின் இரு முனைகளுக்கிடையே விழும் மின்னழுத்தத்தை அளந்தே கார்டு தன் மின்செலவைக் கணக்கிடுகிறது. அதே மதிப்புள்ள இன்னொன்றை மேலே பற்றவைத்தால் தடை 2.5 மில்லி ஓம் ஆகிவிடும். 300 வாட் இழுத்தாலும் 150 வாட் என்றே கார்டு எண்ணிக்கொள்ளும். ஆனால் கம்பிகளையும் இணைப்பான்களையும் அப்படி ஏமாற்ற முடியாது. தாய்ப்பலகையின் ஸ்லாட்டுக்கு வகுத்தது 75 வாட். எட்டு முனை இணைப்பான் ஒவ்வொன்றுக்கும் 150 வாட். அதற்கு மேல் இழுத்தால் முதலில் கருகுவது அவைதாம்.

வேகத்தையும் மின்னழுத்தத்தையும் பத்துப் பத்து சதவீதம் உயர்த்தினால், மின்செலவு வேகத்துக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் ஏற்ப ஏறுவதால், வெப்பம் ஏறத்தாழ 33 சதவீதம் கூடும். சித்திரை மாதத்தில் மின்விசிறியே அனலைத் தள்ளும் நம் பக்கத்து அறைகளில், வாட் வரம்பை விலக்கியதும் வெப்ப வரம்பு வந்து குறுக்கே நிற்கும். கார்டு மறுபடியும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

நைட்ரஜனைப் பற்றிய உங்கள் யோசனையைப் படித்துச் சிரித்தேன் என்றாலும், அதன் குளிர் மைனஸ் 196 டிகிரி என்பதில் ஐயமில்லை. கணினி வேகத்தில் சாதனைக்காகப் போட்டியிடுவோர் செம்புக் குவளையில் ஊற்றிப் பயன்படுத்துவதும் இதைத்தான். எனினும் மருந்தகக் கலனில் அது குறைந்தால் உள்ளிருக்கும் விந்துக் குச்சிகள் கெட்டுவிடும். நட்டம் மாடு வளர்ப்பவருக்கு. மேலும் ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகி, மூடிய அறையில் மூச்சுக்காற்றை விரட்டிவிடும். சாரல் பருவத்தில் ஈரம் வேறு ஒரு தொல்லை. காற்று 30 டிகிரியும் ஈரப்பதம் 80 சதவீதமும் இருந்தால், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன் மேலும் நீர் கோத்துக்கொள்ளும். அதனால்தான் போட்டியாளர்கள் பலகை முழுவதும் வாசலினைப் பூசி அடைக்கிறார்கள்.

உங்கள் கார்டுக்கு நான் சொல்வது நேர் எதிர் வழி: மென்பொருள் மூலம் மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைத்து, சிப்புக்கும் குளிர்விப்பானுக்கும் இடையிலுள்ள பழைய வெப்பப் பசையை மாற்றுங்கள். பல கார்டுகள் அதே 300 வாட்டுக்குள் முன்னிலும் வேகமாக ஓடும். சால்டரிங் ஆசை அடங்காவிட்டால், செத்துப்போன கார்டு ஒன்றை வாங்கி அதில் கை பழகுங்கள்.

கேள்வி: சால்டரிங் தெரியாதவர்கள் ஷண்ட்டின் மேல் திரவ உலோகத்தை (அறை வெப்பத்திலேயே உருகி நிற்கும் காலியக் கலவையை) தடவினால் போதும் என்கிறார்களே?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: போதாது. அதிலுள்ள காலியம் ஈயப்பற்றிலுள்ள வெள்ளீயத்துக்குள் ஊறிச் சென்று அதை இளக்கிவிடுவதால், சில மாதங்களில் மின்தடையே கழன்று வரலாம். அலுமினியத்தில் பட்டால் அதுவும் நொறுங்கும். ஏற்கெனவே தடவிவிட்டீர்கள் என்றால், கார்டுக்கு மின்சாரம் கொடுக்கும் முன் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பக்கத்துப் பாகங்களுக்குப் பரவிவிடும்.