வாசகர் கேள்வி–பதில்: கனவென்று தெரிந்தபின் ‘நான்’ என்ன ஆகிறேன்?

கேள்வி: எல்டர் ஸ்க்ரோல்ஸ் கணினி ஆட்டங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் ச்சிம், ஜீரோ-சம், அமராந்த் என்று ஏதேதோ சொல்கிறார்கள். எல்லாம் ஒரே ஞானம்தானா? நம் அத்வைதத்தைத்தான் வேறு பெயரில் சொல்கிறார்களா?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: மூன்றும் தொடங்கும் இடம் ஒன்று, முடியும் இடம் வேறு. அந்த ஆட்டங்களின் உலகம் முழுவதும் ஒரு பரம்பொருள் காணும் கனவு. அதில் உள்ளவர்கள் எல்லாரும் அந்தக் கனவின் துண்டுகள். இதை ஒருவர் உள்ளே இருந்துகொண்டே கண்டுபிடித்துவிட்டால் என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி.

“அப்படியானால் நான் என்று ஒருவன் இல்லை” என்று முடிவு கட்டினால் அவர் இருந்த தடமே இல்லாமல் போய்விடுவார். அது ஜீரோ-சம். “எல்லாம் கனவு, ஆனாலும் நான் இருக்கிறேன்” என்று இரண்டையும் ஒருசேரத் தாங்கி நிற்பவருக்குக் கிடைப்பது ச்சிம். அவரால் கனவையே திருத்த முடியும். அங்குள்ள சிரொடீல் என்ற நாடு ஒரு காலத்தில் காடாக இருந்தது. அதை மாற்றியது ச்சிம்தான் என்று 2006-இல் வந்த ஆப்லிவியன் ஆட்டத்தில் வில்லன் மாங்கர் காமொரன் எழுதிய உரை குறிப்பாகச் சொல்கிறது. இன்னும் ஒரு படி மேலே போய், இந்தக் கனவைவிட்டு வெளியேறித் தானே புதுக் கனவு காணத் தொடங்குவது அமராந்த். இதைப் பற்றி நமக்குத் தெரிவது பெரும்பாலும் இந்தத் தொடரின் எழுத்தாளர்களில் ஒருவரான மைக்கேல் கிர்க்பிரைட் ஆட்டங்களுக்கு வெளியே எழுதியவற்றிலிருந்துதான். ஆகவே ஆட்டத்துக்குள் ஆதாரம் தேடி அலைய வேண்டாம்.

அத்வைதம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அத்வைதத்தில் தனி ‘நான்’ என்பதே அறியாமை, அது விலகியாக வேண்டும். ச்சிம்மில் அந்த ‘நான்’ விலகினால் ஆளே போச்சு. முத்தியிலும் உயிர் அழியாது, இறைவனோடு ஒன்றாய், வேறாய், உடனாய் நிற்கும் என்று சொல்லும் சைவ சித்தாந்தம் இந்த ஒரு விஷயத்தில் அதற்கு நெருக்கம். ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டும். சித்தாந்தத்தில் உலகம் கனவல்ல, உள்பொருள். ஞானம் பெற்றவர் நிலத்தைத் திருத்தி எழுதுவதும் அங்கே பேச்சில்லை. சித்திகளை வழியில் வரும் இடையூறாகவே நம் மரபு பார்க்கிறது. அந்த அளவுகோலில், ச்சிம் பெற்றதாகச் சொல்லிக்கொள்ளும் விவெக் பாதி வழியில் நின்றுவிட்டவர் என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: அதே தொடரின் ஸ்கைரிம் ஆட்டத்தில் படித்துத் தெரிந்துகொள்வது போக, விளையாடியே பார்க்கக்கூடிய ஞானவழி உண்டா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: உண்டு, டிராகன் மொழிச் சொற்களை முழங்கும் குரல் வழி. யுர்கன் விண்ட்காலர் சிவப்பு மலைப் போரில் தோற்றபின் ஏழு ஆண்டுகள் தியானித்து வகுத்தது.

ஐவர்ஸ்டெட் ஊரில் தொடங்கி, மலைமேல் உள்ள ஹை ஹ்ரோத்கார் மடத்துக்கு ஏறும் பாதையில் பத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பத்தையும் படித்தால் வானின் குரல் என்ற பேறு கிடைக்கும். 24 மணி நேரத்துக்கு விலங்குகள் தாக்காது, விலகியும் ஓடாது. பலர் குதிரையில் விரைந்து ஏறி, ஒன்றிரண்டை விட்டுவிட்டு, ஒன்றும் கிடைக்கவில்லை என்கிறார்கள். நடந்தே ஏறுங்கள். நடுவழியில் பனி ட்ரோல் என்ற அரக்கப் பிராணி ஒன்று நிற்கும். தொடக்க நிலையில் அதுதான் ஆளை முடிக்கும்; நெருப்பு மந்திரத்தோடு போங்கள்.

சிகரத்தில் பார்த்தூர்நாக்ஸ் என்ற முதிய டிராகனிடம் மூன்று சொற்களில் ஒன்றைத் தியானிக்கலாம். ‘ஃபுஸ்’ என்றால் நீங்கள் தடுமாறுவது 25% குறையும், எதிரி தடுமாறுவது 25% கூடும். ‘ஃபேம்’ உடலற்ற நிலையில் இருக்கும்போது உயிர்ப்பலத்தை 25% வேகமாக மீட்கும். ‘யோல்’ நெருப்பு மூச்சின் பாதிப்பை 25% கூட்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் நிற்கும். மாற்ற வேண்டுமானால் திரும்ப அவரிடமே போக வேண்டும். கைகலப்பில் இறங்குபவர்களுக்கு ஃபுஸ்தான் எப்போதும் பயன்படும். மற்ற இரண்டும் அந்தந்த முழக்கத்தைப் போடும்போது மட்டும்தான் வேலை செய்யும்.

டிராகன்களை வெறுக்கும் டெல்ஃபின் கேட்டாள் என்று பார்த்தூர்நாக்ஸைக் கொன்றுவிட்டால் இந்த வழி அடைபட்டது. வன்முறை இயல்பைத் தவத்தால் வென்ற ஒரே ஆசான் அவர். கொல்லாதீர்கள்.

கேள்வி: மாரோவிண்ட் ஆட்டத்தின் முடிவில் லோர்கான் என்ற தெய்வத்தின் இருதயத்தை அடிக்கப் போனால் நான்தான் சாகிறேன். ஏன்?
– வாசகர், தாம்பரம்

பதில்: ரெய்த்கார்ட் கையுறையை அணியாமல் கருவியை ஏந்தியிருப்பீர்கள். அது இல்லாமல் சண்டர் என்ற சுத்தியலையோ கீனிங் என்ற கத்தியையோ கையில் எடுத்தால் உயிர் கடகடவென்று இறங்கும். சண்டர் வெமினால் கோட்டையில் டாகோத் வெமினிடமும், கீனிங் ஓட்ரோசால் கோட்டையிலும் இருக்கின்றன. கையுறையை அணிந்தபின் சண்டரால் இருதயத்தில் ஒரு அடி, பிறகு கீனிங்கால் ஐந்து அடி. வரிசை மாறக் கூடாது. இருதயம் இருக்கும்வரை வில்லன் டாகோத் உர் சாகமாட்டான், அவனோடு மல்லுக்கட்டி மருந்துகளைத் தீர்க்காதீர்கள்.

முதல் கேள்விக்கும் இதற்கும் தொடர்புண்டு. இது ஞானமல்ல, திருட்டு. விவெக், அல்மலெக்சியா, சோத்தா சில் மூவரும் இதே கருவிகளால்தான் தெய்வமானார்கள். இருதயத்தோடு தொடர்பு அறுந்ததும் பலம் வடிந்தது. முதல் யுகத்தின் 700-ஆம் ஆண்டில் காக்ரெனாக் என்ற ட்வெமர் இதே கருவிகளை இருதயத்தின்மேல் பயன்படுத்தியபோது ட்வெமர் இனமே ஒரு நொடியில் காணாமல் போனது.

கடைசி அடி விழுந்ததும் பாலம் இடிந்து விழத் தொடங்கும். அடிப்பதற்கு முன்பே ஆட்டத்தைச் சேமித்து வையுங்கள், கீழே எரிகுழம்பு. மிதக்கும் மந்திரம் ஒன்றைக் கைவசம் வைத்திருந்தால் பதறாமல் கரைக்கு வந்துவிடலாம்.