மாத்திரையும் வழக்கும்: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: என் மகள் முழுகாமல் இருந்தபோது மனச்சோர்வுக்குப் பராக்ஸிடின் சாப்பிட்டாள். பாளையங்கோட்டையில் வாங்கிய இந்தியக் கம்பெனி மாத்திரை. போன வருஷம் பிறந்த பேரனுக்கு இதயத்தில் ஓட்டை. அமெரிக்க வழக்கில் சேர்த்து நஷ்டஈடு வாங்கித் தருவதாக ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஓர் அம்மா, அம்பாசமுத்திரம்

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்கம்மா. அப்படி வழக்கு நடந்தது உண்மை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் பராக்ஸிடின் எடுத்தால் குழந்தைக்கு இதயக் குறை வரும் வாய்ப்பு கூடலாம் என்று 2005 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. 2009இல் பிலடெல்பியா ஜூரி, அங்கே அந்த மாத்திரையை விற்ற கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் கம்பெனி ஒரு குடும்பத்துக்கு 25 லட்சம் டாலர் தர வேண்டும் என்றது. பிறகு நூற்றுக்கணக்கான குடும்பங்களோடு கம்பெனி பேசித் தீர்த்துக்கொண்டது. அதெல்லாம் அங்கே விற்ற மாத்திரைக்கு. இங்கே வேறு கம்பெனி மாத்திரை வாங்கிய உங்களுக்கு அதில் இடமில்லை.

அங்கேயும் எல்லோரும் ஜெயிக்கவில்லை. மனச்சோர்வுக்கே தரும் இன்னொரு மாத்திரையான செர்ட்ராலின் மீதான 300க்கும் மேற்பட்ட வழக்குகள் 2016இல் தள்ளுபடியாயின. மாத்திரையால்தான் குறை வந்தது என்று நிரூபிக்க முடியவில்லை. மாத்திரையே தொடாத தாய்மாரின் பிள்ளைகளிலும் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றுக்கு இதயக் குறை இருக்கிறது. பராக்ஸிடின் ஆய்வுகளில் அது ஒன்றரை, இரண்டு என்றுதான் கூடியது. அதனால் உங்கள் மகள்மேல் யாரும் பழி போட விடாதீங்க.

இங்கேயே கேட்க வழி இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, போதிய எச்சரிக்கை தராத தயாரிப்பாளர் பொறுப்பு. ஆனால் டாக்டர் மேற்பார்வையில் தரும் மருந்துக்கு, டாக்டரை எச்சரித்திருந்தால் கம்பெனி தப்பிவிடும். அப்போது, டாக்டர் உங்கள் மகளிடம் சொன்னாரா என்பதுதான் கேள்வி. திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். இரண்டு வருஷம்தான் கெடு. தாண்டினால் தக்க காரணம் காட்ட வேண்டும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். எல்லாவற்றுக்கும் முன்னால் பேரனின் சிகிச்சை: முதலமைச்சர் காப்பீட்டில் குழந்தை இதய ஆபரேஷன் உண்டு, அட்டை இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: மனைவிக்கு இரண்டாம் மாசம். ஒரு வீடியோ பார்த்துவிட்டு அவள் சாப்பிடும் செர்ட்ராலினை நேற்றே நிறுத்திவிட்டேன். கம்பெனிமேல் வழக்குப் போட முடியுமா?
– வள்ளியூர்

பதில்: குழந்தையே பிறக்கவில்லை, எதற்கு வழக்கு? டாக்டரைக் கேட்காமல் நிறுத்த உங்களுக்கு யார் சொன்னது? திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம் வரும். பழைய சோர்வும் திரும்பலாம். அது தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், இந்த வகை மாத்திரைகளால் இதயக் குறை பெரிதாகக் கூடுவதாகத் தெரியவில்லை. இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ராத்திரி அவசரம் என்றால் 14416க்குப் போன் பண்ணுங்கள், அரசின் மனநல உதவி எண்.

கேள்வி: மருந்துக்கடை அண்ணாச்சி பில் தர மாட்டேன் என்கிறார். வற்புறுத்தலாமா?
– மேலப்பாளையம்

பதில்: வற்புறுத்தியே ஆகணும். பில் தர மறுப்பது சட்டப்படி முறையற்ற வணிகம். சர்க்கரை அளக்கும் கருவி ஒன்று வாங்கினேன், ஜங்ஷன் பக்கம். கூட வந்த பட்டைகள் காலாவதியானவை. திருப்பிக் கொண்டுபோனால், "நம்ம கடையில வாங்கினதுக்கு என்ன அத்தாட்சி?" என்றார்கள். பில் தரவில்லை, பணமும் வரவில்லை. எனக்குப் போனது பணம். மாத்திரையில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு எந்தக் கம்பெனி, எந்த பேட்ச் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) என்றே காட்ட முடியாமல் போனால் வழக்கே நிற்காது. நாலு மாத்திரையைக் கத்தரித்துத் தரும்போது பேட்ச் எண்ணும் தேதியும் கடையிலேயே தங்கிவிடுகிறது. இதை வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முழு அட்டையாக வாங்குங்கள். முடியாவிட்டால் கடையில் நிற்கும்போதே அட்டையைப் போனில் படம் எடுங்கள். டாக்டர் சீட்டைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நீங்களே புகார் சொல்லலாம்.

கேள்வி: அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுத்த மாத்திரை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?
– நாங்குநேரி

பதில்: எல்லோருக்கும் எல்லாமே இலவசம் என்கிற ஆஸ்பத்திரி என்றால் முடியாது, 1995லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். முதலில் கேஸ் ஷீட் நகல் கேட்டு எழுதிக் கொடுத்து, கையெழுத்தும் சீலும் வாங்கி வையுங்கள்.