படித்தவர்கள்கூடப் பிள்ளை பிடிக்கும் கும்பல் வதந்தியை நம்புவது ஏன்?

"வீடியோவே இருக்கிறதே, எப்படி வதந்தி என்கிறீர்கள்?" என்று பிள்ளை பிடிக்கும் கும்பல் பற்றி வரும் வாட்ஸ்அப் செய்திகளை நம்புகிறவர்கள் கேட்பார்கள். 2018இல் இந்தியா முழுக்கச் சுற்றிய வீடியோவில், பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். முடிவில் பையனைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும் என்று அட்டை காட்டுவார்கள். அந்த முடிவைத்தான் யாரோ வெட்டிவிட்டார்கள்.

அதே ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடிப் போன ஒரு குடும்பம் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்துக் கூட்டம் சேர்ந்து அடித்ததில் 65 வயதுப் பெண் இறந்துபோனார்.

படிப்பு இதில் பெரிதாக உதவாது. "சாப்பிடலைன்னா பிள்ளை பிடிக்கிறவன்கிட்ட கொடுத்துடுவேன்" என்று சோற்றோடு சேர்த்து ஊட்டிய பயம் அது. இந்தச் செய்தியை அனுப்புவதும் முன்பின் தெரியாதவர் இல்லை, சொந்த மாமா. "பொய்யா இருந்தாலும் ஜாக்கிரதையா இருக்கிறது நல்லதுதானே" என்பார். அவருக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லை, அடி வாங்குவது வெளியூர்க்காரர்.

2018 ஜூலையில் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மட்டுமே ஃபார்வர்டு செய்யலாம் என்று குறைப்பதாக அறிவித்தது. வேகம் குறைந்திருக்கலாம். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் தேதியும் காவல் நிலையத்தின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் "நேற்று, பக்கத்து ஊரில்" என்றுதான் இருக்கும்.