பெயர் இரண்டு, மருந்து ஒன்று

கேள்வி: மதுரையிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் அப்பாவுக்கு 68 வயது. ஊர் டாக்டர் கொடுத்த பி.பி. மாத்திரை அட்டையில் டெல்மிசார்டன் 40, ஆம்லோடிபின் 5 என்று இருக்கிறது. இங்குள்ள டாக்டர் வேறொரு கம்பெனிப் பெயரை எழுதி, பக்கத்தில் 'ஏ.எம்.' என்று போட்டிருக்கிறார். அப்பா காலையில் இரண்டையும் போட்டுக்கொள்கிறார். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதாம். ஏன்?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: ஒரே மருந்தை இரு மடங்கு சாப்பிடுகிறார் என்றே தோன்றுகிறது. அடுத்த வேளைக்கு முன் டாக்டருக்குப் போன் செய்து, இரண்டு அட்டைகளிலும் உள்ளதைப் படித்துக் காட்டுங்கள். அதுவரை அப்பா சட்டென்று எழ வேண்டாம். இந்த வயதில் கீழே விழுந்தால் இடுப்பு எலும்பு முறியலாம்.

கம்பெனி வைத்த பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அட்டையில் அதோடு அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயரும் மி.கி. அளவும்தான் உங்களுக்கு வேண்டியவை. 'ஏ.எம்.' பெரும்பாலும் ஆம்லோடிபினைக் குறிக்கும். 'எச்' என்றால் ஹைட்ரோகுளோரோதயசைட், அதாவது சிறுநீரை அதிகமாகப் பிரிக்கும் மருந்து. ஆனால் எழுத்தை மட்டும் நம்பாதீர்கள், அட்டையைப் படியுங்கள்.

பெயரின் வால் குடும்பத்தைச் சொல்லிவிடும். 'சார்டன்' என்று முடிபவை ஒரு குடும்பம். 'பிரில்' (எனலாபிரில், ராமிபிரில்) அதற்கு நெருங்கிய உறவு. சிலருக்கு வறட்டு இருமல் தரும். இவ்விரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, சிறுநீரகம் கெடலாம். இரண்டு டாக்டர்களிடம் சீட்டு வாங்கும் வீடுகளில் இதை அவசியம் கவனிக்க வேண்டும். 'டிபின்' ரத்தக் குழாயைத் தளர்த்தும். இதைச் சாப்பிடுபவருக்குக் கணுக்கால் வீங்கினால் இதன் வேலையாக இருக்கலாம். அட்டெனொலால், மெட்டோப்ரொலால் போல 'லால்' என்று முடிபவை இதயத் துடிப்பைக் குறைக்கும். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். 'லால்' மருந்தைத் திடீரென நிறுத்தினால் துடிப்பு எகிறும், நெஞ்சு வலியும் வரலாம்.

முழங்கால் வலிக்கென்று டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் கடையில் கேட்டு வாங்காதீர்கள். அவை பி.பி.யை ஏற்றும், சார்டனும் 'எச்' மருந்தும் சாப்பிடுபவருக்குச் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

கேள்வி: சீட்டில் 'ஓ.டி.', 'எச்.எஸ்.', '1-0-1' என்று இருக்கிறதே?
- வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: ஓ.டி. தினம் ஒரு வேளை, பி.டி. இரண்டு வேளை, எச்.எஸ். படுக்கும்முன். 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. மாத்திரைப் பெயரோடு 'எக்ஸ்.எல்.' அல்லது 'எஸ்.ஆர்.' இருந்தால் மருந்து மெல்ல மெல்லக் கரையும்படி செய்தது. அதைப் பொடித்தோ மென்றோ விழுங்கினால் நாள் முழுதுக்குமான மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும்.