மாத்திரைப் பையையும் கொண்டு வாருங்கள்

அப்பாவுக்கு 74 வயது. காலையில் கட்டிலைவிட்டு எழுந்தால் தலைசுற்றல். போன வாரம் பாத்ரூம் வாசலில் விழுந்துவிட்டார். பிரஷர் 130/80, நார்மல் என்கிறார்கள். அப்புறம் ஏன்?

உட்கார வைத்துப் பார்த்திருப்பார்கள். படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒன்றிரண்டு தடவை பார்க்கச் சொல்லுங்கள். நின்றதும் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் விஷயம் பிடிபட்டுவிடும். உடம்பில் நீர் வற்றுவது, நாள்பட்ட சுகரில் நரம்பு கெடுவது என்று காரணம் பல உண்டு. நான் முதலில் கேட்பது மாத்திரைப் பையைத்தான். புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின்கூட சிலருக்கு எழுந்து நிற்கும்போது பிரஷரை இறக்கிவிடும்.

பெரியவர் ஒருவர் மஞ்சப்பையை என் மேசையில் கொட்டினார். ஆம்லோடிபின் என்கிற ஒரே பிரஷர் மாத்திரை, இரண்டு கம்பெனிப் பெயரில், இரண்டு டாக்டர்கள் எழுதியது. "அட்டை கலர் வேற வேறயா இருந்துச்சு சார், ரெண்டு வியாதிக்குன்னு நெனச்சேன்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அப்பாவின் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் பையோடு போங்கள். அதுவரை, விழித்ததும் காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழட்டும்.

கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை கொடுத்தார்கள். இப்போது ராத்திரி நாலு தடவை எழுந்து போகிறேன்.

பிரஷருக்கு ஆம்லோடிபின் சாப்பிடுகிறீர்களா? சிலருக்கு அதுவே கணுக்காலை வீங்க வைக்கும். வீக்கத்துக்கு ஒரு மாத்திரை, அது தந்த தொந்தரவுக்கு இன்னொன்று என்று பை பெருத்துக்கொண்டே போகும். இதயம், சிறுநீரகம், ஈரல் மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பிரஷர் மருந்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். நீர் மாத்திரை அவசியம்தான் என்றால் அதைக் காலையில் போட்டுக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள்.

அம்மாவுக்கு 79. மூன்று மாதச் சராசரி சுகர் 6.2, நல்ல கண்ட்ரோல். ஆனால் சில நாள் விடியற்காலையில் வேர்த்துக் கொட்டி, ஏதேதோ பேசுகிறார். மறதி நோயா?

அந்த 6.2தான் எனக்குக் கவலை. கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால், சுகர் இறங்கிப்போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டு அரை இட்லியோடு எழுந்துவிடுகிற வயது இது. அடுத்த முறை அந்த நேரத்திலேயே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தளர்ந்த வயதில் மூன்று மாதச் சராசரி 7.5, 8 வரை இருந்தாலே பெரும்பாலும் போதும். டாக்டரிடம் பேசி மருந்தைக் குறையுங்கள். சுகர் சரியாக இருந்தும் திடீர்க் குழப்பம் வந்தால் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தடுப்பூசியெல்லாம் குழந்தைகளுக்குத்தானே?

இல்லை. ஃப்ளூ ஊசி வருடா வருடம். நிமோகாக்கல் நிமோனியாவுக்குத் தனி ஊசி. அக்கிக்கும் இப்போது ஊசி வந்துவிட்டது, 50 வயதுக்கு மேல் இரண்டு தவணை. விலை அதிகம்தான். அக்கி ஆறியபின் மாதக்கணக்கில் எரிச்சலோடு தூங்காமல் கிடப்பவர்களைப் பார்த்திருப்பதால், வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள் என்பேன்.

'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. தனியார் டாக்டரும் ஒன்று எழுதினார். இரண்டையும் சாப்பிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். 2021இல் தொடங்கிய அந்தத் தமிழக அரசுத் திட்டம் பலரை விடாமல் மருந்து சாப்பிட வைத்திருக்கிறது, நல்ல காரியம். ஆனால் அரசு மாத்திரை அட்டையில் மருந்தின் பெயர் இருக்கும், கடை அட்டையில் கண்ணில் படுவது கம்பெனி வைத்த பெயர். இரண்டு அட்டையையும் மெடிக்கல் ஷாப்பில் காட்டி, உள்ளே இருப்பது ஒரே மருந்தா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.