தோல் கலர்

அன்புள்ள அக்கா,

மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். போன கிழமை பிள்ளைகளிடம் தங்கள் முகத்தை வரையச் சொன்னேன். எல்லாரும் ரோஸ் கலர்தான் தேய்த்தார்கள். நல்ல கறுப்பான ஒரு பிள்ளை, "டீச்சர், தோல் கலர் முடிஞ்சிருச்சு" என்று அழுதாள். பெண்பிள்ளைகள் தங்களை நேசிக்க உதவும் படக்கதைப் புத்தகங்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பிள்ளையின் அழுகை இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. அமெரிக்காவின் கிரயோலா கம்பனியும் ஒரு வெளிர் ரோஸ் கிரயோனைச் 'சதை நிறம்' என்ற பெயரில்தான் விற்றுவந்தது. 1962இல் 'பீச்' என்று மாற்றினார்கள். 24 தோல் நிறங்கள் கொண்ட பெட்டி 2020இல்தான் வந்தது.

என் சடங்குப் படம் இன்னும் அம்மா வீட்டுச் சுவரில் தொங்குகிறது. ஸ்டூடியோக்காரர் முகத்தை மட்டும் வெள்ளையாக்கிக் கொடுத்தார். மடியில் கிடக்கும் கைகள் என் நிறத்திலேயே இருக்கின்றன. என் மகள் நாலு வயதில் அதைப் பார்த்து, "இது யாரும்மா, ஒங்க கைய வச்சிருக்கு?" என்று கேட்டாள்.

அதனால் ஒன்று சொல்கிறேன். கறுப்பான சிறுமி அழுவாள், கடைசியில் "நீயும் அழகுதான்" என்று யாராவது தேற்றுவார்கள். இப்படி நிறையப் புத்தகங்கள் உண்டு. ஏற்கெனவே காயப்பட்ட பிள்ளைக்கு அது மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் நிறத்தைப் பற்றி இன்னும் ஒன்றும் நினைக்காத பிள்ளைக்கு, இது அழ வேண்டிய விஷயம் என்று அதுவே சொல்லிக் கொடுத்துவிடும். எனக்குப் பிடித்தது வேறு வகை: கறுப்பான பிள்ளை, கண்ணாடி போட்ட பிள்ளை, காலை இழுத்து நடக்கும் பிள்ளை எல்லாரும் சேர்ந்து தொலைந்த ஆட்டுக்குட்டியைத் தேடுவார்கள். யாருடைய உடம்பைப் பற்றியும் கதையில் ஒரு வார்த்தை இருக்காது.

பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சடிக்கலாம். எழுதியவர், வரைந்தவர் பெயரையும் உரிமக் குறிப்பையும் போட்டு, வசனத்தை நம் பேச்சுக்கு மாற்றவும் அனுமதி உண்டு. முதலில் படங்களை மட்டும் புரட்டிப் பாருங்கள். கதையை நடத்துவது எந்தப் பிள்ளை, ஓரத்தில் நின்று கைதட்டுவது எந்தப் பிள்ளை என்று பார்த்தாலே எதை எடுப்பதென்று தெரிந்துவிடும்.

ஆனால் அவற்றில் நம் லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், இருக்காது. இடுப்பில் படங்கு கட்டிக் கொழுந்தெடுக்கும் அம்மா, வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா, வெளிநாட்டில் இருக்கும் அம்மாவின் போன் கோலுக்காகக் காத்திருக்கும் பிள்ளை, இதெல்லாம் வரும் புத்தகத்தை நாம்தான் செய்ய வேண்டும். இரண்டு ஏ4 தாளை நடுவில் மடித்து ஸ்டேப்ளர் அடித்தால் எட்டுப் பக்கம். கதையைப் பிள்ளைகள் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள்.

அப்புறம், மண்ணிற பேஸ்டலைத் தனியாக இரண்டு பெட்டி அனுப்புகிறேன். முதலில் மண்ணிறம், மேலே கொஞ்சம் செம்மஞ்சள், விரலால் தேய்க்க வேண்டும். பிள்ளைகளுக்குக் காட்டும்போது உங்கள் கையைப் பக்கத்தில் வைத்து, உங்கள் நிறம் வரும்வரை தேய்த்துக் காட்டுங்கள்.